பூதக்கோட்டைக்குச் சரக்கு

லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்ப்பதால் அவருக்குப் புக்கிங் அண்ணன் என்று பெயர். எந்த லாரி எங்கே நிற்கிறது, யார் சரக்கு முதலில் ஏறும் என்று காலையிலிருந்து போனில் கத்துவது அவர் தொழில். அந்த மனிதர் ஒருநாள் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து, "உங்க விளையாட்டுல என்னையும் சேர்த்துக்கங்க" என்றபோது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

விளையாட்டு என்றால் பந்தோ சீட்டோ இல்லை. கடை விடுமுறையன்று பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தைத் துணியால் மூடிவிட்டு மேசையில் ஒரு வரைபடத்தை விரிப்போம். நான் கதை சொல்வேன். இதோ காடு, இதோ பூதங்கள் பிடித்து வைத்திருக்கும் கோட்டை. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் செய்யப்போவதைச் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். இந்த வயதில் நான் இதைச் செய்வது பற்றி என் மனைவிக்கு ஒரு கருத்து உண்டு. அதை அச்சில் போட முடியாது.

அண்ணனின் மகள்தான் எங்கள் படைத் தளபதி. அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. இந்தப் போரை முடித்துவிட்டுக் கிளம்புவதாக இருந்தாள். வேலை கிடைத்த நாளிலிருந்து வீட்டில் அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வாய் ஓயாமல் பேசுகிற ஒரே இடம் என் பின்னறைதான். போவதற்குள் அவளை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்றுதான் அண்ணன் வந்திருந்தார். அதை என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். அதற்குப் பூதக்கோட்டை எப்படி உதவும் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மகள் அவரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். "வந்ததுதான் வந்தீங்க, சண்டைக்கெல்லாம் வராதீங்க. படைக்குச் சாமான் அனுப்புங்க, போதும்."

"படை சாப்பிடுமா?"

"சாப்பிடாம?"

அவர் எங்கள் மந்திரவாதியைப் பார்த்தார். அவன் நிஜத்தில் பல் செட் செய்கிறவன், பல்லு என்று கூப்பிடுவோம். "இவரு மந்திரவாதின்னீங்களே. ஒரு மந்திரம் போட்டுச் சாப்பாட்டை வரவழைச்சிட மாட்டாரா?"

"நம்ம நாலு பேருக்குத்தாண்ணே வரும். படைக்கெல்லாம் பத்தாது."

"அப்ப என்ன மந்திரவாதி நீங்க?"

பல்லுவின் முகம் தொங்கிப்போனது. அதன்பிறகு அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். மழை பெய்தால் வரைபடத்திலிருக்கும் பாலம் தாங்குமா, மாடு வழியில் என்ன தின்னும், தனக்கான தீனியைத் தானே சுமந்தால் சரக்குக்கு ஏது இடம்? கோட்டையில் பேசும் பூதம்வரை யோசித்து வைத்திருந்த நான், மாட்டுத் தீனியை யோசிக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன்.

தீப்பெட்டிகள்தான் வண்டிகள். மூக்குக்கண்ணாடியின் குட்டி ஸ்க்ரூக்கள் சிப்பாய்கள். "திரும்பற வண்டியில காயம்பட்டவங்களை ஏத்தலாமா?" என்று ஒருமுறை கேட்டார். தாராளமாக என்றேன். வாராவாரம் தீப்பெட்டிகள் போயின, வந்தன. கோட்டையை முற்றுகையிட்டிருந்த எங்கள் படைக்கு ஒருவேளைகூடச் சாப்பாடு தவறவில்லை. மகளே ஒருநாள், "பரவால்லப்பா" என்றாள். அன்று அவர் வீட்டுக்குப் போன நடையே வேறு.

கடைசித் தாக்குதல் நாள் வந்தது. "மொத்தப் படையும் முன்னால" என்றாள் தளபதி. கோட்டை முன்னால் பார்த்தால் தானிய மூட்டைகள் மலையாகக் கிடக்கின்றன, சிப்பாய்கள் ஒரு கைப்பிடிகூட இல்லை. "நீங்கதான் கணக்குல கோட்டை விட்டுட்டீங்க" என்று என்னைச் சொன்னான் பல்லு. மேசைக்கடியில் டார்ச் அடித்துத் தேடினோம். கொள்ளைநோய் வந்ததாக நான்தான் சொல்லி மறந்துவிட்டேனோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். வரைபடத்தில் படை கிளம்பிய ஊர் இருந்த ஓரத்தில், தன் டிபன் பை மறைவில், ஸ்க்ரூக்களைக் குவியலாக வைத்திருந்தார்.

"இவ்வளவு பேருக்கா காயம்?" என்றாள் மகள்.

"முதல்ல காயம்பட்டவங்கதான். வண்டி நிறையல. காலியா திரும்பினா டீசல் நஷ்டம்."

"மாட்டு வண்டிப்பா."

"மாடும் தின்னுதே. அதான், வீட்டுக்குப் போகணும்னு இருக்கறவங்களையும் ஏத்திட்டேன்."

"வீட்டுக்குப் போகணும்னு அவங்க சொன்னாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். அவர்கள் சொன்னார்களா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியவன் நான்தான். நான் டார்ச்சை அணைத்து ஓரமாக வைத்தேன்.

"எல்லாருக்கும் வீட்டுக்குப் போகத்தான் ஆசைன்னு நீங்களா எப்படிப்பா முடிவு பண்ணுவீங்க?" என்றாள். அவள் குரல் உடைந்துவிட்டது. பல்லு தன் பகடையைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஆனால் அவள் தளபதி. முற்றுகையில் பூதங்கள் பட்டினி கிடக்கின்றன அல்லவா, மூட்டைகளை அவிழ்த்துக் கோட்டை வாசலில் கொட்டச் சொன்னாள். பசி தாங்காத பூதங்கள் கதவைத் திறந்தன. மிச்சமிருந்த சிப்பாய்களோடு உள்ளே பாய்ந்தாள். பகடை அவள் பக்கம் விழுந்தது. கோட்டை எங்கள் வசமானது, தளபதி தோளில் ஒரு வெட்டு வாங்கியிருந்தாள்.

அண்ணன் ஒரு தீப்பெட்டியை மெதுவாகத் தள்ளிக்கொண்டுபோய் அவள் காய்க்குப் பக்கத்தில் நிறுத்தினார். "உனக்கும் காயம்தான். ஏறிக்கோம்மா."

அவள் அந்தப் பெட்டியையே பார்த்தாள். கோபம் போய்விட்டிருந்தது. "இல்லப்பா. பிடிச்ச கோட்டையை விட்டுட்டு வர முடியாது. நான் இங்கதான் இருப்பேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நாம ஜெயிச்சமா, தோத்தமா?"

"ஜெயிச்சோம்ணே."

"அப்படியா" என்றார். நம்பிய மாதிரி தெரியவில்லை. நான் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினேன். அவர் எழுந்திருக்காமல் மகளிடம் கேட்டார், "நீ தங்கப்போற இடத்துல அடுப்பு இருக்கா?"

அந்த ஊரைப் பற்றி அவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பது அதுதான் முதல்முறை.

"இல்லப்பா. வாங்கணும்."

"வாங்க வேணாம், நான் அனுப்பறேன். கட்டில், பீரோ எல்லாம் ஏத்தி விட்டுடறேன். அந்தத் தெருவுக்குள்ள லாரி திரும்புமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அழுதுவிட்டார்.