அம்மாவைப் பாடி அடக்கிய நாள்

இத்தாலியில் அடுப்படியில் நின்று வாய்விட்டுப் பாடினால், என்ன நல்ல செய்தி என்று கேட்கிறார்கள். பாட்டு என்றால் இவர்களுக்குக் கொண்டாட்டம்தான். நான் பராமரிக்கும் கிழவி, சின்யோரா, நான் முணுமுணுப்பதைக் கேட்டாலே காதலன் கிடைத்துவிட்டானா என்று கண்ணடிப்பாள். எனக்குக் காதலன் வேறு கேடு. விசாக் காகிதமே இல்லாமல் ஒளிந்து வேலை செய்கிறவள் நான்.

இலங்கையில், புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா செத்துக் கிடந்தபோது அம்மா பாடினாள். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஜெபக்கூட்டத்துக்குப் போன ஒரே குடும்பம் நாங்கள். மாரடித்து ஒப்பாரி வைக்க வந்த அத்தைமார் திகைத்துப் போனார்கள்.

"புருசன் செத்த வீட்டுல பாட்டாடி? வெக்கமா இல்ல?" என்றாள் பெரிய அத்தை.

"அழுவாம இல்லீங்க மதினி. அழுதுகிட்டேதான் பாடுறேன். அவரு மண்ணோட போயிறலன்னு நம்புறேன். அந்தச் சந்தோசத்த எங்க கொண்டுபோயி ஒளிக்கிறது?"

அத்தைமார் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். எனக்கும் அம்மா மேல் ஆத்திரம்தான்.

போன மழைக்காலத்தில் அம்மாவும் போய்விட்டாள். நான் புறப்பட்டால் திரும்பி வர முடியாது. தம்பி வீட்டு அடுப்பு என் சம்பளத்தில்தான் எரிகிறது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, குழிமேட்டிலிருந்து தம்பி போனில் கோல் எடுத்தான்.

"அக்கா, மண்சரிஞ்சு பாதை அடைச்சிருச்சு. பாஸ்டர் வர ஏலாதாம். ஆளுங்க தப்பு மோளம் அடிக்கச் சொல்றாங்க. அம்மா பாடித்தான் அடக்கணும்னு சொல்லிச்சே. எனக்குப் பாட வரல. நீங்க பாடுங்க, போனை அம்மா பொட்டிகிட்ட புடிக்கிறேன்."

பாடினேன். கர்த்தரோடு சண்டை போட்டுக்கொண்டுதான் தொடங்கினேன். பெற்றவள் முகத்தைக்கூடக் காட்டாதவருக்கு என்ன துதி? ஆனால் இரண்டாம் சரணத்தில் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. துக்கம் போகவில்லை, அதன் பக்கத்தில் இதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மாவால் ஒளிக்க முடியாமல் போனது இதைத்தான் என்று அப்போது விளங்கியது. இதைத் தந்தவர் அந்த விசாக் காகிதத்தையும் தந்திருக்கலாம். அந்தக் கசப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை.

கதவருகே சின்யோரா வந்து நின்றாள். "ஃபெஸ்தா?" என்று சிரித்தாள். உங்கள் வீட்டில் விசேஷமா என்று அர்த்தம். என் கண்ணீரை வெங்காயத்தால் வந்தது என்று நினைத்திருப்பாள். அழுதுகொண்டே பாடுவதை விளக்க என் இத்தாலி மொழி போதாது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

போனில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"எல்லாரும் ஒரு பிடி மண்ணு போட்டாச்சு அக்கா. ஒங்க பேருக்கும் நானே போட்டுட்டேன்."

விசேஷத்துக்கென்று சின்யோரா ஒரு கிண்ணத்தில் வைன் ஊற்றி நீட்டினாள். மண் படாத கையால் வாங்கிக்கொண்டேன்.