ஆமையின் நாற்பது காலடி

"பதினேழு, பதினெட்டு" என்று உதடு மட்டும் அசைய, பாறைமேல் கால் வைத்துப் போய்க்கொண்டிருக்கிறாள். இடது கை பின்பக்கம் நீண்டு, பேருந்தை நிறுத்துகிறவர் கை மாதிரி விரிந்திருக்கிறது. பின்னால் வருகிற நாத்தனாருக்கு அதன் பொருள் தெரியும்: வாயைத் திறக்காதே. ஒருமுறை தெரியாத்தனமாக "தண்ணி வேணுமா அண்ணி?" என்று கேட்டு, முப்பத்திரண்டு காலடியையும் முதலிலிருந்து நடக்கவைத்த பாவம் அவளுடையது. அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் செரிக்கவில்லை.

வாரத்தில் ஆறு நாள் இவளுக்குச் செருப்புக் கடையில் வேலை. குட்டை முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர் காலை அளவுப் பலகையில் வைத்துப் பார்ப்பாள். முகம் நினைவிருக்காது. தெருவில் யாராவது "நல்லா இருக்கீங்களா?" என்றால் திருதிருவென்று விழிப்பாள், பிறகு கண்ணைக் கீழே இறக்கி, "அட, நீங்களா! வலது கால் சுண்டுவிரல் வலி எப்படி இருக்கு?" என்பாள். கேட்டவர் மூக்கின்மேல் விரல் வைப்பார்.

ஏழாவது நாள் மலை. கடவுளே, மலை என்றால் காற்று வாங்கவோ படம் எடுக்கவோ இல்லை. டப்பா தேட. மலைப்பாதையில் பாறை இடுக்குகளில் யார் யாரோ டப்பாக்களை ஒளித்துவைக்கிறார்கள். உள்ளே ஒரு நோட்டும், கையால் செதுக்கிய ரப்பர் முத்திரை ஒன்றும் இருக்கும். ஒளித்தவர் கைப்பேசிக் குழுவில் ஒரு குறிப்பு போடுவார்: இந்தப் பாறையிலிருந்து இந்தத் திசையில் இத்தனை காலடி. கண்டுபிடித்தவர் டப்பாவின் முத்திரையைத் தன் நோட்டிலும், தன் முத்திரையை டப்பாவின் நோட்டிலும் பதித்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். தபாலும் இல்லை, தபால்காரரும் இல்லை. இதற்குப் பெயர் தபால்பெட்டி வேட்டையாம்.

அவள் முத்திரை ஒற்றைச் செருப்பு. ரப்பர் துண்டில் மூன்று நாள் உட்கார்ந்து இடது காலைச் செதுக்கினாள். பதித்துப் பார்த்தால் வலது கால்! முத்திரை திரும்பி விழும் என்பது உலகத்துக்கே தெரியும், இருபது வருடமாகக் கால் பார்க்கிறவளுக்குத் தோன்றவில்லை. "ஜோடி சேர்ந்துடுச்சு, விடுங்க" என்று வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். அவர் மலைப்பக்கமே வருவதில்லை. துணைக்குத் தங்கையை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்.

அந்தத் தங்கை, அதாவது நாத்தனார், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலடி என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஆளுக்கு ஆள் மாறுறதெல்லாம் ஒரு அளவா அண்ணி? மீட்டர்ல சொல்ல என்ன கேடு?"

"மீட்டர்ல சொன்னா டப்பா எங்க இருக்குன்னுதான் தெரியும். காலடியில சொன்னா வச்ச ஆள் யாருன்னு தெரியும்."

சும்மா சொல்லவில்லை. ஒளித்துவைப்பவர்களில் 'ஆமை' என்று ஒருவர் உண்டு. ஆமை முத்திரை பதிப்பார், குழுவில் குறிப்பு போடுவார், வேறு ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆணா பெண்ணா, சிறியவரா பெரியவரா, யாருக்கும் தெரியாது. அந்த ஆமையின் பதினெட்டு டப்பாவையும் இவள் கண்டுபிடித்திருக்கிறாள். எப்படி? ஆமை எட்டுக் காலடி வைத்தால் இவளுக்கு ஒன்பது. "நெட்டையான ஆளு. பத்தாம் நம்பர் செருப்பு. டப்பாவை எப்பவும் என் தலைக்கு மேலதான் வைக்கும்" என்பாள். பார்க்காத ஆளுக்குச் செருப்பளவு சொல்கிற அண்ணியை என்ன செய்வதென்று நாத்தனாருக்குத் தெரியவில்லை.

வம்பு பத்தொன்பதாவது டப்பாவில் வந்தது. 'பிளந்த பாறையிலிருந்து மேற்கே நாற்பது காலடி' என்று ஆமை குறிப்பு போட்டிருந்தார். குழுவில் பன்னிரண்டு பேர் ஏறிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். இவளும் தன் கணக்கில் நாற்பத்தைந்து நடந்து பார்த்தாள். எதிரே மொட்டைப் பாறைச் சுவர். ஒரு பல்லி நுழையக்கூட இடுக்கு இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். குழுவில் ஒருவர் எழுதினார்: 'ஆமைக்கு எண்ணத் தெரியவில்லை.' இன்னொருவர், 'மாதக் கடைசிக்குள் யாரும் கண்டுபிடிக்காவிட்டால் தவறான குறிப்பு என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்' என்றார். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஆமை வழக்கம்போல் பேசவில்லை.

இவளுக்கு வந்ததே கோபம்! "பதினெட்டு தடவை ஒரு அடி பிசகல. இப்ப எண்ணத் தெரியலையாம்!" என்று இரண்டு நாள் பாத்திரங்களிடம் காட்டினாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தேகம். ஆமை நிஜமாகவே தப்பாக எண்ணியிருந்தால்? மாதம் முடிய ஒரே ஒரு ஞாயிறு பாக்கி.

வியாழக்கிழமை கடைக்கு ஒரு பெண்மணி வந்தார். முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்து ஆறு வாரம் ஆகிறதாம். புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து கண்ணாடிவரை நடந்து பார்த்தார். அந்தக் கடையில் நாற்காலிக்கும் கண்ணாடிக்கும் நடுவே எல்லோருக்கும் ஏழு காலடி, குள்ளமானவர்களுக்கு எட்டு. அந்தப் பெண்மணி பதினாலு வைத்தார். இவள் முக்காலியில் உட்கார்ந்தபடியே எண்ணினாள். எண்ணி முடித்ததும், கையிலிருந்த இன்னொரு செருப்பைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஆமைக்கு எண்ணத் தெரியும். நடைதான் குறைஞ்சிருக்கு" என்று ஞாயிற்றுக்கிழமை ஏறும்போது நாத்தனாரிடம் சொன்னாள்.

"ஏன் குறையணும்?"

"கால்ல அடிபட்டிருக்கலாம். வயிறும் புள்ளையுமா இருக்கலாம். கம்பு ஊன்றி வந்திருக்கலாம். யாரு கண்டா?"

"ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாதவங்களுக்குப் புள்ளையே பெத்துட்டீங்களே!" என்று நாத்தனார் சிரித்தாள். ஆனாலும் பிளந்த பாறை வந்ததும் தானாகவே வாயை மூடிக்கொண்டாள்.

இவள் குதிகாலுக்கு முன்னால் குதிகாலைக் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி நடந்தாள். நாற்பது முடிந்த இடம் பாறைச் சுவருக்குப் பாதி வழியிலேயே இருந்தது. அங்கே உட்காரத் தோதாக ஒரு தட்டைக் கல். தலைக்கு மேல் தேடவில்லை. கல்லில் உட்கார்ந்து கையைப் பக்கவாட்டில் விட்டாள். இடுப்பு உயரத்து இடுக்கில், ஒரு சின்னக் கல்லுக்குப் பின்னால், டப்பா.

"அய்யோ அண்ணி, இருக்கு!" என்று கத்தியது கணக்கு டீச்சர்தான்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஆமை முத்திரை. பதினெட்டு டப்பாவிலும் தேதி தவிர ஒன்றும் எழுதாத ஆமை, இதில் எழுதியிருந்தார்: 'இந்த முறை என் எண்ணிக்கை சரியாக இருக்குமா என்று எனக்கே சந்தேகம். கண்டுபிடிப்பவர் தயவுசெய்து சொல்லுங்கள்.'

அவள் பையிலிருந்து தன் முத்திரையை எடுத்தாள். ஒற்றைச் செருப்பைப் பதித்தாள். கீழே எழுதினாள்: 'நாற்பது. ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை.' அதையே படம் எடுத்துக் குழுவிலும் போட்டாள்.

சொந்தமாக ஒரு டப்பா ஒளிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பையிலேயே கிடந்தது, இடம்தான் அமையவில்லை. உச்சியில் வைக்க வேண்டும், எல்லோருக்கும் தண்ணி காட்ட வேண்டும் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கு மலையை விட்டே இறங்கிவிட்டாள். பேருந்து நிற்கிற இடத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. அங்கிருந்து சமதரையில் ஓரமாகப் போனால் சின்னப் பாறைக் குவியல். அதன் கீழ் இடுக்கில் டப்பாவைச் சொருகினாள். பெஞ்சுக்குப் போய் அங்கிருந்து நடந்து வந்து, 'இருபத்தொன்று' என்று நோட்டில் எழுதினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அழித்துவிட்டாள்.

"என்ன அண்ணி, தப்பா எண்ணிட்டீங்களா?"

"எனக்குச் சரிதான். ஆமைக்கு?"

நாத்தனார் சாலையை எட்டிப் பார்த்தாள். "அப்ப ரெண்டால பெருக்குங்க, முடிஞ்சது. பஸ் வந்துடும்" என்றாள்.

"பெருக்கினா வராது. வழியில கல்லு இருக்கு, ஒரு பள்ளம் இருக்கு. நடந்துதான் பார்க்கணும்."

பேருந்து தூரத்தில் திரும்புவது தெரிந்தது. அவள் பெஞ்சுக்கே திரும்பிப் போய், அதன் காலோடு தன் குதிகாலை ஒட்டவைத்து, இடது கையைப் பின்னால் விரித்துக்கொண்டு, பாதி பாதியாக எட்டுவைத்து முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.