என்னுடன் ஆஸ்பத்திரிக்கு வந்த சகோதரி

பாரிஸின் லா சப்பலில் நான் வேலை செய்யும் புடவைக் கடைக்கு ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கறுப்பினப் பெண் வந்தார். வயது அறுபதுக்கு மேல். அமெரிக்கச் சாயல் கொண்ட பிரெஞ்சில், ஒரே நிறத்தில் இருபது சால்வைகள் வேண்டுமென்றார்.

"யாருக்கு?"

"என் சகோதரிகளுக்கு."

இருபது சகோதரிகள் என்றால் மடம்தான் என்று முடிவுகட்டினேன். மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். "மதர்" என்று பணிவாக அழைத்ததும் அவர் கடை அதிரச் சிரித்தார்.

"எனக்கு மூன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்!"

நான் சால்வைகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போது கதை சொன்னார். நூறு வருடங்களுக்கு முன், கறுப்பினப் பெண்கள் கல்லூரிக்குள் நுழைவதே அரிதாக இருந்த அமெரிக்காவில், சில மாணவிகள் தொடங்கிய சங்கமாம் அது. அடிமைகளாக இருந்தவர்களின் பேத்திகள். தாங்கள் பெற்ற படிப்பு தங்களுக்கு மட்டும் உரியதல்ல என்று நினைத்தார்கள். வாக்குரிமை கேட்டுத் தெருவில் நடந்தார்கள். வைத்தியரைக் காணாத ஊர்களுக்கு வைத்தியரைக் கூட்டிப்போனார்கள். படிப்பு முடிந்தாலும் சாகும்வரை சகோதரிகள்தான்.

"பாரிஸில் என்ன செய்கிறீர்கள்?"

"ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயப்படும் பெண்களோடு கூடப் போகிறோம்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு மாதமாக இடது மார்பில் ஒரு கட்டி. பரிசோதனைக்கு வரச்சொல்லி வந்திருந்த கடிதத்தை அலுமாரிக்குள் ஒளித்துவைத்திருந்தேன். மார்புப் புற்றுநோயில்தான் என் அக்கா போனாள். கணவருக்குக்கூடச் சொல்லவில்லை.

"எங்கள் தமிழ்ப் பெண்களோடும் வருவீர்களா?" என்று கேட்டேன்.

"யாருக்கு டாக்டரிடம் நேரம் குறித்து ரொந்தேவு எடுக்கவேண்டும்?"

என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் மேசையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு உணவகத்தில் சமையல்காரர்.

"ரெண்டு மாசமா? ஏனப்பா நீர் என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னா உண்மையாப் போயிடும் எண்டு பயந்தனான்."

"நானும் வாறன்."

"உங்களுக்கு லீவு தரமாட்டினம். கடைக்கு வந்த அந்த அமெரிக்க அம்மா வாறா. நீங்கள் போனைப் பக்கத்திலை வைச்சிருங்கோ."

ஆஸ்பத்திரியில் வைத்தியர் வேகமாகப் பேசத் தொடங்கியதும் அந்த அமெரிக்கப் பெண் இடைமறித்தார்: "மெதுவாகச் சொல்லுங்கள், டாக்டர். இவரிடம் சொல்லுங்கள், என்னிடமல்ல." படம் எடுத்தார்கள், பிறகு ஸ்கேன் செய்தார்கள். என்னைப் பிடித்திருந்த அவருடைய கை வியர்வையில் நனைந்திருந்தது. அவரும் பயந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வைத்தியர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"நீர்க்கட்டி. உள்ளே வெறும் தண்ணீர்தான்."

நம்பாமல் திரும்பவும் கேட்டேன். திரும்பவும் தண்ணீர் என்றார். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு மாதமாக அடக்கிவைத்த மூச்சு மொத்தமும் அழுகையாக வந்தது.

கணவருக்கு போன் எடுத்தேன்.

"தண்ணியாமப்பா!"

"என்ன தண்ணி?"

"கட்டிக்குள்ளை தண்ணிதானாம். வேறொண்டும் இல்லையாம்."

அவர் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு "சாப்பிட்டனீரோ?" என்றார்.

உங்கள் சங்கத்தில் நானும் சேரலாமா என்று அந்த அமெரிக்கச் சகோதரியிடம் கேட்டேன். அதற்குப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். எனக்கு முகம் சுருங்கியது. "ஆனால் ஒருவரோடு கூடப் போவதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை," என்றார்.

அடுத்த மாதம் பாரிஸுக்கு வெளியே சார்செலில் இருந்து ஒரு தமிழ்ப் பெண்ணை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காத்திருக்கும் அறையில் அவள் என் காதோரம் குனிந்தாள்.

"அக்கா, நோகுமோ?"

"ஓம், கொஞ்சம் நோகும். நான் இஞ்சைதான் இருப்பன்."

அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். கைப்பையை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனாள்.