பிள்ளையாருக்குப் பின்னால் எரிந்த விளக்கு

காப்புறுதி அலுவலகத்தில் பதினெட்டு வருடம் விபத்துக் கோப்புகளைப் படித்தவன், தன் வண்டியின் எச்சரிக்கை விளக்கைப் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அந்த ஆள் நான்தான். முதலில் தலைகீழாக ஒட்டி, பிறகு பிய்த்து நேராக ஒட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பிக்கப் வாங்கியிருந்தேன். ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்த வண்டி. ஏற்றுவதற்கு என்னிடம் எதுவும் கிடையாது. அதில் போன மொத்தச் சுமை ஒரு புத்தக அலமாரியும், கோயில் விசேஷத்துக்கு இருபது நாற்காலியும்தான். ஏன் வாங்கினாய் என்று கேட்டவர்களிடம், "ஏர்பேக் இருக்கு, வீட்டுக்காரிக்குப் பாதுகாப்பு" என்று சொல்லிவந்தேன். உண்மையில், உயரத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் கார் கூரைகளைப் பார்க்கும் ஆசை.

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் இருக்கும். வேகமானிக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு விளக்கு வந்தது. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், அவன் முகத்துக்கு நேரே ஒரு பந்து. வண்டியோடு வந்த கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தது. வாசிப்பில் கர்வம் உள்ளவன் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படம் பார்த்தே அதை முடித்தேன். இந்த விளக்கு இருந்த பக்கத்தில் ஒரு தொலைபேசியின் படம் போட்டிருந்தார்கள். யாரைக் கூப்பிடுவது, டோக்கியோவையா? திங்கட்கிழமை ஸ்டிக்கர் வாங்கினேன்.

என் மனைவி கிள்ளானில் ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியை. என் அலுவலகமும் கிள்ளானில்தான். வீடு இருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து விடிந்தும் விடியாமலும் ஒன்றாகக் கிளம்புவோம். ஸ்டிக்கர் ஒட்டிய மறுநாள், சாவியைத் திருப்பியதும் பிள்ளையாருக்குப் பின்னால் மெல்லிய சிவப்பு ஒளி பரவியது. மறைப்பதற்காக ஒட்டியது இவ்வளவு மெல்லிய காகிதம் என்று கடையில் எனக்குத் தோன்றவில்லை.

"என்னங்க, லைட் வெச்ச பிள்ளையாரா? எங்க வாங்குனீங்க?"

"மஸ்ஜித் இந்தியா பக்கம்" என்றேன். பொய்யோடு ஓர் இடத்தின் பெயரைச் சேர்த்தால் அது நிற்கும் என்பது நான் கோப்புகளில் கற்றது.

அன்றிலிருந்து தினமும் அவள் இரண்டு விரலால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் சாலையைப் பார்த்ததில்லை.

மூன்று வாரம் கழித்து, கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் இருக்கும் அவளுடைய தம்பி ஒரு நாள் எங்களோடு ஏறினான். முன்பக்கம் எட்டிப் பார்த்தான்.

"மாமா, என்ன இது, சாமிக்கு உள்ளாற லைட் எரியுது?"

"அழகா இருக்குல்ல?" என்றாள் என் மனைவி.

அவன் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினான். "அக்கா, இது ஏர்பேக் லைட்லா! உள்ள ஏதோ கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

"அப்ப நான் மூணு வாரமா கும்புட்டது?"

"ஃபால்ட்டத்தான், அக்கா."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சத்தம் போடாமல் சொன்னாள்: "வண்டின்னா கெட்டுப் போகும், அத நான் கேக்கல. மூடி வெச்சிட்டு, நான் கும்புடுறத பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு வந்தீங்க பாருங்க. அந்த லைட் ஒழுங்கா அணையிற வரைக்கும் நான் உங்க பக்கத்துல ஏற மாட்டேன்."

மறுநாளிலிருந்து பஸ். அவள் எனக்கு முன்பே கிளம்பிவிடுவாள். ஃபெடரல் நெடுஞ்சாலையில் பாதி தூரம் அவள் பஸ்ஸுக்குப் பின்னால் போவேன். பக்கத்தில் காலி இருக்கை. ஒருமுறை பஸ்ஸைத் தாண்டும்போது ஜன்னலோரம் அவள் தெரிந்தாள். கையசைத்தேன். அவளுக்குப் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு மலாய்க்காரப் பெரியவர் பதிலுக்குக் கையசைத்தார். அவள் மடியிலிருந்த பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

முதலில் போனது அம்பாங்கில் ஒரு சீனர் பட்டறைக்கு. அவர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாபுட் சாஜாலா, பாஸ்!" என்றார். மலாயில், சும்மா பிடுங்கிவிடலாம் என்கிறார். பல்பை எடுத்துவிட்டால் ஐந்து நிமிட வேலை, மனைவிக்கும் சந்தோஷம். கூச்சப்படாமல் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. அவர் திருப்புளியை எடுத்துக் குனியவும் செய்தார். சாவியைத் திருப்பும்போது சில நொடி எரிந்து பிறகு அணைவதுதான் நல்ல விளக்கு என்று மைத்துனன் என் மனைவியிடம் விளக்கியிருந்தது அப்போது ஞாபகம் வந்தது. பல்பே இல்லாவிட்டால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். நேர்மையால் அல்ல, பயத்தால்தான் வேண்டாமென்றேன்.

பிறகு கிள்ளானில் ஒரு வயரிங்காரர் அகப்பட்டார். எங்கள் தமிழ் ஆள்தான், மெதடிஸ்ட் கிறிஸ்தவர். வண்டிக்கு அடியில் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் வண்டிக்குள் கால் வைக்கும் இடத்தில் போட்டிருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கி முகர்ந்தார்.

"அண்ணே, பூஜைக்குக் கழுவுனீங்களா?"

"ஆமா."

"உள்ளாறயும் பைப் புடிச்சீங்களா?"

"பிக்கப்தானே... மஞ்சத்தண்ணியும் கொஞ்சம் ஊத்தினேன்."

"ஒவ்வொரு வருசமும் ரெண்டு மூணு வண்டி இப்படி வரும். எங்க பாஸ்டர் வண்டிக்கு ஜெபம் பண்ணுவாரு. தெளிக்கக்கூட மாட்டாரு."

ஒரு சின்னக் கம்பியை வளைத்து எங்கேயோ இரண்டு துளைகளில் செருகினார். விளக்கு கண்சிமிட்டத் தொடங்கியது. எத்தனை முறை சிமிட்டுகிறதோ அதுதான் கோளாறின் எண்ணாம். இருவரும் சேர்ந்து எண்ணினோம். எனக்கு நான்கு வந்தது, அவருக்கு மூன்று.

"நீங்க எண்ணாதீங்கண்ணே" என்றார். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, இருக்கைகளுக்கு நடுவே தரையில் இருக்கும் பெட்டிக்குப் போகும் இணைப்பில்தான் கோளாறு என்றார்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு என்னை டீ குடிக்கக் கூட்டிப்போனார். வேலையை ஆரம்பிக்காமல் டீயா என்று கேட்டேன். "மஞ்ச ஒயர் எல்லாம் ஏர்பேக்குக்குப் போறது. பேட்டரிய எடுத்தாலும் உள்ள கொஞ்ச நேரம் கரண்ட் நிக்கும். அவசரப்பட்டா மூஞ்சிலதான் வெடிக்கும்." நான் இன்னொரு டீ சொன்னேன்.

திரும்பி வந்து நடு மூடியைக் கழற்றினார். மஞ்சள் நிற இணைப்பு. அதன் ஊசிகளில் பச்சையாகக் களிம்பு, ஓரத்தில் உலர்ந்துபோன என் மஞ்சள் தூள். மருந்து அடித்து, சின்னத் தூரிகையால் தேய்த்து, முடி உலர்த்தும் கருவியால் காயவைத்தார். இணைப்பையும் பேட்டரியையும் மீண்டும் மாட்டிச் சாவியைத் திருப்பினார். விளக்கு வந்தது. ஆறு வரை எண்ணினேன், மனதுக்குள். அணைந்தது.

"ஏர்பேக்ல இதுக்கு ஒரே பைதானே, ஸ்டியரிங்ல. ரெண்டு பை வண்டின்னா இன்னும் ரெண்டு இணைப்ப பாக்கணும்" என்றார் கையைத் துடைத்துக்கொண்டே.

திங்கட்கிழமை காலை என் மனைவி ஏறினாள். பிள்ளையாரை நான் முன்பே எடுத்துப் பூஜை அறையில் ஒட்டியிருந்தேன், நேராக. சாவியைத் திருப்பினேன். அவள் சத்தமாக எண்ணினாள். அணைந்ததும் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்திருக்கலாம். ஆனால் இனி எதையும் மூடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"ஒண்ணு சொல்லணும். பை ஒண்ணுதான் இருக்கு. என் பக்கம் மட்டும். உன் பக்கம் கிடையாது."

அவள் தனக்கு முன்னால் இருந்த சின்னக் கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு குடையும் பழைய பார்க்கிங் கூப்பன்களும் இருந்தன. மூடினாள். டோலுக்குச் சில்லறையை அவளே எண்ணிக் கொடுத்தாள். என் நேர்மையை மெச்சிக்கொண்டிருக்கிறாள் என்றுகூட நான் நினைத்தேன்.

"பஸ்ஸே தேவல" என்றாள். "அதுல டிரைவருக்கும் பை கிடையாது."