குவைத்திலிருந்து வந்த காளை

என் பேத்திக்கு அப்போது நாலு வயது. இப்போது காலேஜுக்குப் போகிறாள். இந்தக் கதையை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவாள். அதனால் அவள் இல்லாத நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

என் மகன் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தான். அவன் போகும்போது அவள் கைக்குழந்தை. அவனைப் பார்த்ததும் என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு, "இந்த மாமன் எப்ப போவாரு?" என்று கேட்டாள். அவன் முகம் தொங்கிப்போனது. திரும்பிப் போவதற்குள் ஒரு தடவையாவது பிள்ளை தன்னை அப்பா என்று கூப்பிட வேண்டும். வேறு கவலையே அவனுக்கு இல்லை.

அதற்காகவே பேட்டரி ஜீப்பும் பாட்டுப் பாடும் ரயிலும் கொண்டுவந்திருந்தான். மருமகள் இரண்டையும் ஷோகேஸில் வைத்துப் பூட்டினாள். எங்கள் பக்கம் கல்ஃப் சாமான் என்றால் வருகிறவர்கள் பார்க்கத்தான். பிள்ளைகள் தொடக் கூடாது. என் நாத்தனார் வீட்டில் ஒரு மிக்ஸி ஆறு வருஷம் கண்ணாடிக்குள் இருந்தது. அவள் அம்மியில்தான் அரைத்தாள். சரி, அது கிடக்கட்டும்.

கொல்லையில் பாக்கு மரத்திலிருந்து கமுகம்பாளை விழுந்த சத்தம் கேட்டால் போதும், பேத்தி ஓடிவிடுவாள். அந்தக் காய்ந்த மட்டையின் அகன்ற அடியில் ஒருவர் உட்கார, ஓலைப் பக்கத்தைப் பிடித்து இன்னொருவர் இழுக்க வேண்டும். அன்றைக்கு, வழக்கமாக இழுக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல். மகன் மெதுவாகப் பக்கத்தில் போனான்.

"நான் இழுக்கட்டா மக்கா?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "செரி. நீதான் காளை."

குவைத்தில் பத்து ஆட்களை வேலை வாங்குகிறவன் அல்லவா, சும்மா இருப்பானா? "முதல்ல அந்தத் தென்னை வரைக்கும் போவோம், பொறவு..."

"காளை பேசுமா?"

வாயை மூடிக்கொண்டு இழுத்தான். சரிவில் கால் வழுக்கி வாழைக்குழிச் சேற்றில் மல்லாக்க விழுந்தான். எழுந்தால், புதுப் பேண்ட் பின்னால் கிழிந்திருக்கிறது. மருமகள் தலையில் கைவைத்தாள்.

"ஐயோ, யாராவது பாத்தா என்ன சொல்லுவாவ? ஏட்டி, இறங்கு! ஷோகேஸைத் திறக்கேன், ஜீப்பை எடுத்துக்கோ."

"ஜீப்பு வேண்டாம்மா. இந்தக் காளை நல்லா விழுது."

நான் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை மருமகள் சேலையில் போய் விழுந்தது. அதற்கும் எனக்குத்தான் திட்டு.

அதன் பிறகு தினமும் அவன்தான் காளை. வைக்கோலால் முதுகு தேய்த்துவிடுவாள். புல் தின்னச் சொல்லுவாள். தின்றானா என்று மருமகளுக்கு இன்றுவரை தெரியாது. நான் பார்த்தேன், சொல்ல மாட்டேன்.

லீவு முடிந்தது. ஏர்போர்ட்டுக்குப் போகிற கார் வாசலில் நிற்கிறது. பெட்டியை ஏற்றிவிட்டு அவன் திரும்பினால், பேத்தி ஒரு பாளையை இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வருகிறாள்.

"அப்பா, இன்னா பாரு, பெருசா ஒண்ணு விழுந்துருக்கு! சட்டுன்னு போயிட்டு வா. வேற யாரையும் காளையா சேக்க மாட்டேன்."

அப்பா என்று சொல்லிவிட்டாள்! டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகுதான், "செரி மக்கா" என்று சொல்லி ஏறினான்.

கார் திரும்பி மறைந்ததும் அவள் பாளையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சாயா குடிக்கக் கூப்பிட்டும் வரவில்லை. குவைத் நம்ம சந்தைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.