ஒண்ணாம் நம்பர் எந்தப் பக்கம்

தொமினிக் இருபத்திரண்டு வருஷம் பிரெஞ்சு ராணுவத்தில் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தவர். துப்பாக்கியைத் தொட்டதைவிட ஸ்பேனரைத் தொட்டதுதான் அதிகம். புதுச்சேரி உப்பளத்துக்குத் திரும்பி வந்து, பென்ஷனில் மாடி கட்டி, பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி மார்பில் இரண்டு மெடலைக் குத்திக்கொண்டு கடற்கரையில் நடந்தபோது, நாலு நாட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தவர் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவரும் இல்லை என்று யாரிடமும் சொன்னதில்லை. அவர் பெண்சாதி மிரேய்தான் சொல்லுவாள்: "இவுரு புடிச்சதெல்லாம் கிரீஸுதான்."

சுனாமி வந்துபோன மூன்றாவது மாசியில் அவர் வீட்டு வாசலில் ஒரு பிக்கப் வண்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வண்டி அவருடையது இல்லை. உழவர்கரையில் கத்தரியும் முளைக்கீரையும் போட்டு, தினம் விடிகாலையில் பெரிய மார்க்கெட்டுக்கு ஏற்றி வருகிற தெய்வசிகாமணியுடையது. ஜீப் இஞ்சின் வைத்த பழைய பெட்ரோல் வண்டி. முன்பக்கம் பார்த்தால் பல் போன கிழவன் இளிக்கிற மாதிரி இருக்கும்.

தொமினிக் கிறிஸ்தவர், தெய்வசிகாமணி இந்து. ஆனாலும் இரண்டு பேரும் பங்காளிகள். இவர் தாத்தாவும் அவன் தாத்தாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். தீமிதியில் யார் முதலில் இறங்குவது என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை வந்தது. தோற்ற அண்ணன், தொமினிக்கின் தாத்தா, கையில் கட்டின காப்போடு நேராக மாதா கோவிலுக்குப் போய், "எனக்குத் தண்ணி ஊத்துங்க சாமி" என்று ஞானஸ்நானம் கேட்டு நின்றாராம். பாதிரியாருக்கே பயம் வந்துவிட்டதாம். பேர் மாறியது, பிள்ளைகள் பிரெஞ்சுப் பிரஜை ஆனார்கள். பங்காளித் தீட்டு மட்டும் போகவில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம் சாவு விழுந்தால் தொமினிக் வீட்டில் பத்து நாள் கறி எடுக்க மாட்டார்கள்.

உழவர்கரையில் தெய்வசிகாமணி தெருவுக்கு ஒரு திரௌபதி அம்மன் உண்டு. மாசி மகத்தன்று அம்மனை வண்டியில் ஏற்றி வைத்திக்குப்பம் கடலுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்ட வேண்டும். வண்டி கொடுக்கும் முறை மூன்று வீட்டுக்கு மாறி மாறி வரும். யார் வண்டியோ அவர் தலையில் பரிவட்டம். போன தடவை தெய்வசிகாமணி முறையில் அம்மன் மூன்று இடத்தில் நின்றுபோனாள். வண்டியை இளவட்டங்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். இந்த வருஷம் மறுபடி அவன் முறை. இன்னொரு தரம் அப்படி ஆனால் அந்த முறை வடிவேல் வீட்டுக்குப் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வடிவேலும் பங்காளிதான், தாத்தாவின் கடைசித் தம்பி வழி. புது மினி லாரி வாங்கி, சந்தனப் பொட்டு வைத்து, தயாராக வாசலில் நிறுத்தியிருந்தான்.

இதை ஒரு கருமாதிப் பந்தியில் கேட்ட தொமினிக்குக்குத் தாத்தாவின் கோபம் வந்தது.

"கொண்டாந்து என் வூட்டு வாசல்ல வுடுடா வண்டிய" என்றார்.

"என் வண்டிக்கு இன்னா கொறச்சல்ணே? ஓடுது."

"ஓடுது. நடக்குதா? அம்மன் இன்னா பஸ்ஸு புடிக்கவா போவுது? மேளக்காரன் பின்னாடி ஆமை கணக்கா ரெண்டு மணி நேரம் நடக்கணும்டா. அதுக்கு டியூன் பண்ணணும். பானெட்டு மேல பால் டம்ளர வச்சா ஒரு சொட்டு சிந்தக்கூடாது, அப்பிடிப் பண்ணித் தரேன்."

பந்தியில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

ஒரு வாரம் வேலை நடந்தது. கழற்றின சாமானையெல்லாம் கோணிமேல் கல்யாணச் சீர் மாதிரி வரிசையாகப் பரப்பினார். மிரேய் கிறிஸ்மஸ் கேக் சுடுகிற தட்டில் பெட்ரோலை ஊற்றி அதில் கார்பரேட்டரை ஊறப் போட்டார். மிரேய் பார்த்தாள்.

"டிசம்பர்ல உங்களுக்கு மட்டும் இதுலயே சுட்டுத் தரேன்" என்றாள்.

வால்வு இடைவெளி பார்த்தார், பாயிண்டைத் தேய்த்தார், நாலு பிளக்கையும் பிள்ளைக்குக் காது குடைகிற மாதிரி சுத்தம் செய்தார். மின்சாரத்தை நாலு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குப் புது மூடியும், பிளக்குக்குப் போகிற நாலு ஒயரும் புதுசாக வாங்கினார். மூடியில் எந்த ஒயர் எந்த சிலிண்டருக்கு என்று நம்பர் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்தே மாட்டினார். பழையதைக் கழற்றும்போது அடையாளம் எதுவும் வைக்கவில்லை. "அடையாளம் வைக்கிறவன் கத்துக்குட்டி" என்றார்.

மகத்துக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்குச் சாவியைத் திருப்பினார். இஞ்சின் இரண்டு சுற்று சுற்றியது. சைலன்சரில் ஒரு வெடி வெடித்தது பாருங்கள், முருங்கை மரத்துக் காக்கையெல்லாம் துறைமுகம் வரைக்கும் பறந்தன. கார்பரேட்டர் தன் பங்குக்குத் தும்மி ஒரு முழ நெருப்பைக் கக்கியது. பக்கத்து வீட்டு ஃபிராங்க், அல்ஜீரியா சண்டைக்குப் போய் வந்த கிழவர், கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, "எத்தினி பேருடா அவுட்டு?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"மேர்த்!" என்றார் தொமினிக். அது பிரெஞ்சில் மலம். அவர் வாயில் மாதாவுக்கு அடுத்தபடி அதிகம் வருகிற சொல்.

மத்தியானம் வரைக்கும் வெடித்தது. தெய்வசிகாமணியும் அவன் பெண்சாதி தனக்கொடியும் வண்டியை ஓட்டிப்போக வந்தவர்கள், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி கோவில் வாசலில் நிற்க வேண்டும்.

"அண்ணே, நம்ம மெக்கானிக்கு அம்மாவாசைய கூப்ட்டுக்கட்டுமா? பத்து வருசமா அவந்தானே இத பாக்குறான்."

"சைக்கிளுக்குப் பஞ்சர் போட்டவன் அவன். அவன் கை இதுல பட்டுச்சி, நீ என் வூட்டுப் படி ஏறாத."

தனக்கொடி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். கீரைக் கட்டுகளோடு அந்த வண்டியில் இருபது வருஷம் உட்கார்ந்து வந்தவள். வழியில் அது நின்றபோதெல்லாம், அம்மாவாசைக்கு டார்ச் லைட் பிடித்தவளும் அவள்தான்.

"மாமா, ஒண்ணாம் நம்பர் ஒயர எங்க மாட்டியிருக்கீங்க?"

"ஒண்ணாம் நம்பர் சிலிண்டர்ல."

"அது ஃபேன் பக்கம்ல இருக்கும்? நீங்க டிரைவர் சீட்டுப் பக்கத்துல இருந்து எண்ணி மாட்டியிருக்கீங்களே."

தொமினிக் குனிந்து ஒயரைப் பார்த்தார். பிரெஞ்சுக்காரன் இஞ்சினில் ஒன்று என்பது பின்னால், சீட்டை ஒட்டின பிளைவீல் பக்கம். இருபத்திரண்டு வருஷம் விரல் அப்படித்தான் எண்ணியது. இந்த ஊர் வண்டியில் முன்னால் ஃபேன் பக்கத்திலிருந்து எண்ணுகிறார்கள் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை. இவள் சொல்வது சரி என்று மண்டைக்குத் தெரிந்துவிட்டது. வாய்தான் கேட்கவில்லை.

"நீ போயி கீரைக் கட்ட எண்ணு தனக்கொடி."

"கீரைய எண்ணுனாலும் எந்தப் பக்கத்துல இருந்து எண்ணுனேன்னு எனக்கு ஞாபகம் இருக்கும் மாமா."

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் சுத்தமாக இருந்த கார்பரேட்டரையே மறுபடி கழற்றிச் சுத்தம் பண்ணினார். எல்லோரும் உள்ளே காபிக்குப் போனால் சத்தமில்லாமல் ஒயரை மாற்றிவிடலாம் என்று பார்த்தார். மிரேய் காபியை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டுமென்றுதான் செய்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

நாலு மணிக்கு தெய்வசிகாமணி செல்போனை எடுத்தான். "வடிவேலு... நாந்தான். நாளைக்கி உன் வண்டிய..." என்று ஆரம்பித்தான்.

தொமினிக் நிமிர்ந்து பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த வண்டி. அதைப் பிரித்துப் போட்டது அவர். தாத்தா காலத்தில் கோபித்துக்கொண்டு போனது ஒரு தலைமுறை. இன்றைக்கு இவனுடைய பரிவட்டத்தையும் பிடுங்கி வடிவேல் தலையில் கட்டிவிட்டால், இனி அந்தத் தெருவில் கல்யாணம், சாவு எதற்கும் எந்த முகத்தோடு போவது?

"வைடா போன!"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு ஒயரையும் பிடுங்கினார். ஃபேன் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு எண்ணி மாட்டினார். சாவியைத் திருப்பினார்.

இஞ்சின் ஒரு தரம் செருமியது. அப்புறம், சாப்பிட்டுப் படுத்த பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

தொமினிக் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் எண்ணுனது தப்பு இல்ல. உங்க நாட்டுலதான் தலகீழா எண்ணுறானுவோ."

"உங்க நாடுன்னா எது?" என்றாள் மிரேய். "பென்ஷன் குடுக்கிறதா, சோறு துன்றதா?"

தெய்வசிகாமணி சிரிப்பை அடக்கப் பார்த்துக் காபியை மூக்கு வழியாக விட்டான். போனை அவன் அணைக்கவே இல்லை, அந்தப் பக்கம் வடிவேல், "அல்லோ, அல்லோ, இன்னாடா சத்தம் அது?" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"இஞ்சின் சத்தம்டா" என்று போனுக்கே வாயைக் கொடுத்துச் சொன்னார் தொமினிக்.

மறுநாள் வண்டியை அவரே ஓட்டினார். கிறிஸ்தவர்களுக்குத் தவசு காலம், கழுத்தில் சிலுவை, பின்னால் பட்டுப் புடவையில் அம்மன், முன்னால் பம்பை, உடுக்கை. மேளக்காரன் நின்றால் வண்டி நின்றது, நடந்தால் நடந்தது. உழவர்கரையிலிருந்து வைத்திக்குப்பம் வரைக்கும் ஒரு இருமல் இல்லை. பால் டம்ளரை யாரும் வைத்துப் பார்க்கவில்லை, அது நல்லதுதான்.

கடற்கரையில் ஊர்ப்பட்ட சாமிகள், ஊர்ப்பட்ட ஜனம். தெய்வசிகாமணி தலையில் பரிவட்டம் கட்டினார்கள். அவன் அழுதான். அம்மனைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனார்கள். தொமினிக் மட்டும் இறங்கவில்லை. இஞ்சினையும் அணைக்கவில்லை.

"அணைங்க மாமா, பெட்ரோல் வீணாப் போவுது" என்றாள் தனக்கொடி.

"சும்மா இரு."

"திரும்ப ஸ்டார்ட் ஆவாதுன்னு பயமா?"

"பயமா, எனக்கா? நான் ஜிபூத்தி பாலைவனத்துல..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றார்.

அவள் கதவைத் திறந்தாள். "எறங்குங்க. நான் ஆக்ஸிலேட்டர்ல கால வச்சிக்கிறேன். நின்னுபுடாது. போயி நம்ம சாமிய ஒரு தரம் பாத்துட்டு வாங்க."

பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு அவர் அலையில் போய் நின்றார். வண்டிப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அவர் சொல்லுவார். மூன்று தடவை என்பாள் கரையில் நின்ற மிரேய். தனக்கொடி எண்ணிக்கொண்டுதான் இருந்தாள், எத்தனை என்று இதுவரை வாயைத் திறக்கவில்லை.