மிஸிஸ் விட்லொக்கின் பதினொரு முறைப்பாடுகள்

லண்டன் மாநகரம் இன்னும் ஆற்றோடு அடித்துக்கொண்டு போகாமல் நிற்கிறதென்றால் அதற்கு ஒரே காரணம் சவிரிமுத்து அருட்பிரகாசம்தான். மகாராணியெல்லாம் சும்மா பேருக்கு. அவர் அளவுநாடாவை இழுத்துப் பிடித்தால் தேம்ஸ் நதியே மூச்சை அடக்கி வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சரி, உண்மையைச் சொன்னால் அவருக்குக் கிடைத்தது தேம்ஸ் இல்லை. மனோர் பார்க்குக்குப் பக்கத்தால் சேற்று நிறத்தில் ஓடும் ரோடிங் ஆறு. அதன் விளிம்பிலிருந்து எட்டு மீற்றருக்குள் கொட்டிலோ கராஜோ கட்டக்கூடாதென்று சட்டம் இருந்தது. கட்டுகிறவனைப் பிடிக்கக் கவுன்சிலிடம் ஆள் இருக்கவில்லை. 1990இல் அரசாங்கம் அதற்கென்று ஒரு வருட உதவிப்பணம் கொடுக்க, அந்தப் பணத்தில் முளைத்த வேலைதான் இது. ஒரு மேசை, ஓர் அளவுநாடா, ஒரு சோடி றப்பர் சப்பாத்து. நிலக்கீழ் அறை. பேச்சுத்துணைக்கு ஹீற்றர்.

அந்த வேலைதான் அவருக்கு எல்லாமும். மனைவி அஞ்சலீனா மன்னாரிலிருந்து சண்டைக்குப் பயந்து ஓடி மடு அகதி முகாமில் இருந்தார். அவரை லண்டனுக்குக் கூப்பிடுவதென்றால் நிரந்தர வேலைக் கடிதம் கொண்டுவா என்று குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். வேலை நிரந்தரமாவதற்கோ, மார்ச் முடிவதற்குள் முப்பது முறைப்பாடுகளை விசாரித்ததாகக் காட்டவேண்டும். அப்போதுதான் அரசாங்கம் தொடர்ந்து பணம் கொடுக்கும். தை மாதம் பிறந்தபோது பத்தொன்பதுதான் இருந்தது.

"ஒருத்தரும் முறைப்பாடு செய்யினமில்லை அண்ணை," என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்வீட்டுக் குசினியில். அந்த வீட்டு மாடியறையில்தான் வாடகைக்கு இருந்தார். "லண்டன் சனம் இவ்வளவு நல்ல சனமெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு."

வீட்டுக்காரர் கனகலிங்கம் சிரித்தார். "எங்கடை ஆக்களை ஆத்தங்கரையிலை குடியிருத்திப் பாரும் தம்பி. ஒரு கிழமையிலை முந்நூறு முறைப்பாடு வரும். அதிலை பாதி உம்மைப் பற்றி!"

அருட்பிரகாசமும் சிரித்தார். தேத்தண்ணிக் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு மேலே போனார். அவர் அறையில் றேடியோகூட இல்லை. கட்டிலில் இருக்கும் சத்தம், எழும்பும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. கனகலிங்கத்தின் பதினாறு வயது மகள் வத்சலா கீழே படுத்தபடி அந்த ஒன்றுமில்லையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் இரண்டுமுறை தீயணைப்பு மணியை அடித்துப் பிடிபட்ட அதே வத்சலாதான். இதை எழுதுகிறவளும் அவளே. வேறு யாருக்கு இவ்வளவு வேலையில்லாத நேரம் இருக்கிறது?

அடுத்த கிழமை அருட்பிரகாசத்தின் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. மிஸிஸ் விட்லொக் என்ற அம்மையார் நீல மையில் எழுதியிருந்தார். பாலத்துக்கு அந்தப்பக்கம் யாரோ ஆற்றை ஒட்டி ஏழு ஆடுகளோடு கொட்டில் போட்டிருக்கிறானாம். உறையில் அருட்பிரகாசம் என்ற பெயர் ஓர் எழுத்தும் பிசகாமல் முழுதாக இருந்தது. கந்தோரில் எல்லோருக்கும் அவர் 'ஆறு'. சம்பளச் சீட்டிலும் பெயர் பாதியில் வெட்டுப்பட்டுத்தான் வரும். மடுவிலிருந்து கடிதம் வந்து நான்கு மாதமாகியிருந்தது. அவர் அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். ஆடு இல்லை, கொட்டில் இல்லை. ஒரு வாத்து மட்டும் அவரைப் பார்த்தது. கரையிலிருந்து எட்டு மீற்றர் அளந்து, 'குற்றம் எதுவும் காணப்படவில்லை' என்று எழுதினார்.

மிஸிஸ் விட்லொக் சளைக்கவில்லை. மரக்கால் போட்ட ஒருவன் வெளிச்சவீடு கட்டுகிறான் என்றார். சலவைக்கடை ஒன்று ஆற்றிலேயே துணி அலசுகிறது என்றார். மாசிப் பனியிலும் பங்குனி மழையிலும் அருட்பிரகாசம் ஒன்றையும் விடாமல் போய் அளந்தார். மொத்தம் பதினொன்று. பத்தொன்பதும் பதினொன்றும் முப்பது என்பது வத்சலாவுக்கே தெரியும்.

மார்ச் கடைசி வியாழன், வேலை முடிந்து நேரே குசினிக்கு வந்தார். வத்சலா தனியாகப் பாண் தின்றுகொண்டிருந்தாள். அவர் கடித உறைகளை மேசையில் அடுக்கினார்.

"பிள்ளை, மிஸிஸ் விட்லொக்கைத் தெரியுமோ?"

"ஆர் அங்கிள் அது? வெள்ளைக்காரக் கிழவியாக்கும்."

"ஓம், வெள்ளைக்காரக் கிழவிதான். நல்ல பக்தி. பதினொரு கடிதத்திலையும் உச்சியிலை பிள்ளையார் சுழி போட்டிருக்கிறா."

வத்சலா பாணைத் தட்டில் வைத்தாள். சுழி போடாமல் கடைச் சாமான் துண்டு எழுதினாலும் குட்டு விழும் வீடு அது. கை தன்பாட்டுக்குப் போட்டிருக்கிறது.

"நான் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன்தான். எண்டாலும் சுழி தெரியாதோ? முதல் கடிதத்திலையே கண்டிட்டன்."

"பிறகேன் அந்தக் குளிருக்குள்ளை போனீங்கள்?"

"கடிதம் வந்தால் போகவேணும். அதுதானே வேலை." உறைகளின் விளிம்பை விரலால் ஒழுங்குபடுத்தினார். "வேறை ஆர் எனக்குக் கடிதம் போடீனம்?"

"அப்ப முப்பது சரிதானே அங்கிள்?"

"பத்தொன்பது எண்டுதான் எழுதிக் குடுத்தனான், பிள்ளை. திங்கள் தொடங்கி பெற்றோல் ஷெட்டிலை வேலை."

"அப்ப மடுவிலை அன்ரி?"

"பொறுத்தவ. இன்னும் கொஞ்சம் பொறுப்பா."

உறைகளைத் திரும்ப எடுத்துக் கோட்டின் உள்பையில் வைத்தார். ஒரு துண்டில் பெற்றோல் ஷெட் விலாசத்தை எழுதி அவள் பக்கம் தள்ளினார்.

"கிழவிக்குச் சொல்லு, அங்கை ஆறு இல்லை. எண்டாலும் எழுதச் சொல்லு."